எந்த மருந்து

மேசையில் மூன்று டின்.
ஈரமானி எழுபத்தெட்டில் நிற்கிறது.
கீழே காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
யாரையோ ஏற்றாமல் போகிறது.

முதலாவது தட்டைத் துகள்,
உளுந்துத் தோலை நொறுக்கியதுபோல.
கோபக்காரன். பற்றினால் பற்றியதுதான்,
உள்ளங்கையில் அறை விழும்.
கொஞ்சமே போதும். அதுதான் பயம்:
கவனம் பிசகி ஒரே கோதுக்குள் இரண்டு தரம் வார்த்தாலும்
வழிந்து காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது கசகசா.
அளவைக்குள் தண்ணீராய் இறங்கும்,
பத்துத் தரம் வார்த்தால் பத்தும் ஒன்று.
ஆனால் புகை. ஆனால் கரி.
இருபதாவது வெடியோடு என் நகங்கள்
கராஜ்காரனுடையவை.

மூன்றாவது மெல்லத் தள்ளும்,
குறிமுள் எழும்பித் தானாகவே வந்து குந்தும்.
விலை ஆனை விலை.
சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால்
குணம் மாறும் என்கிறாள் ஷெஹாரா.
மாறாது என்கிறான் துவான் பஹீம்.
போன வருடம் இரண்டு பேரும் எனக்குக் கீழே.
அதனால் இருவரிடமும் கேட்கிறேன்,
ஒருவரையும் நம்பவில்லை.

பகலில் நான் செட்டியார் தெருவில் தங்கம் நிறுப்பவள்.
தராசு வேலை செய்கையில் மின்விசிறி ஓடக்கூடாது,
மூச்சைப் பக்கவாட்டில் விடவேண்டும்.
இங்கேயும் அதே விரல், அதே கண்ணாடிப் பெட்டி,
தட்டில் மட்டும் மஞ்சளுக்குப் பதில் கறுப்பு.
அங்கே ஒரு பொட்டுக் கூடினால் முதலாளி ஏசுவார்.
இங்கே துவக்கு ஏசும்.

எவ்வளவு என்று எழுதமாட்டேன்.
துவக்குக்குத் துவக்கு அது வேறு.
என்னுடையது என் கொப்பியில்,
பென்சிலில்.

அனுமதிப் பத்திரத்துக்கு நாலு மாதம் அலைந்தேன்.
அருந்தவமலர் கனகசூரியம்:
கட்டங்களுக்குள் பெயர் அடங்கவில்லை.
மிச்சத்தை ஓரத்தில் எழுதிவிட்டு
எழுதுவினைஞர் நிமிர்ந்து கேட்டார்,
"மிஸ்ஸுக்கு எதுக்கு வெடி பெஹெத்?"

வெடி பெஹெத். வெடிமருந்து.
இரண்டு பாஷையும் சண்டை பிடிக்காமல்
ஒத்துக்கொண்ட சொல்.
இரண்டிலும் அது மருந்து.

கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடி. எனக்கு ஒன்பது வயது.
அப்பாவின் பைக்குள் கடதாசிப் பொட்டலம்,
நெஞ்செரிவுக்கு வைத்தியர் இடித்துக் கொடுத்த சூரணம்.
"மே மொகக்த?"
அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்.
"பெஹெத்," என்றார்.
"மொன பெஹெத்த?"
அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

தொட்டிருக்கக் கூடாது.
நாலு பேர் பின்னால் பாய்ந்தார்கள்,
சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்,
என்னைச் சுவரோரம் போகச் சொன்னார்கள்.
பிறகு ஒருவன் பொட்டலத்தைப் பிரித்து
நாக்கில் வைத்துப் பார்த்தான்,
முகத்தைச் சுளித்தான், சிரித்தான், விட்டான்.
மிச்சம் தாரில் கொட்டிக் கிடந்தது.
நான் மிதிக்காமல் சுற்றி நடந்தேன்.

"விளையாட்டுக்கு," என்றேன் எழுதுவினைஞரிடம்.
உண்மைதான். பொய்யாகத்தான் கேட்டது.
அவர் முத்திரையை இரண்டு தரம் குத்தினார்,
முதல் தரம் மை பிடிக்கவில்லை.

நேற்றுச் சுடுகளத்தில் ஒவ்வொன்றிலும் பத்து.
முதலாவது அட்டையில் சிதறியது.
மூன்றாவது ஒரு பத்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்கியது,
ஒன்றே ஒன்று தவிர. அது ஏன் என்று
என்னால் சொல்லமுடியவில்லை.
இரண்டாவது குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது,
ஆனால் ஓடிப்போனது எதுவுமில்லை.

இரண்டாவது.
கரி படியட்டும், கழுவலாம்.

ஷெஹாரா போனில் கேட்டாள், எதை எடுத்தாய்?
மூன்றாவது என்று சொன்னேன்.
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் சிநேகிதி இல்லை.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டின்தான் இருக்கலாம்.
இவ்வளவு நேரம் நான் விதியை மீறிக்கொண்டிருந்தேன்.
மற்ற இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறேன்,
குளிரூட்டியை நிறுத்துகிறேன், போனையும்.

ஐம்பது கோது வார்த்தாயிற்று.
ரவை பொருத்துமுன்
டோர்ச்சைப் பிடித்து ஒவ்வொன்றாய் உள்ளே பார்க்கிறேன்.
முப்பத்தேழில் சந்தேகம்.
கொட்டிவிட்டு மறுபடி நிறுக்கிறேன்,
மூச்சைப் பக்கவாட்டில் விட்டு.